சராசரிக்கு வெளியே: மண்டபம் முகாமிலிருந்து இரு தேசங்கள்

1

இந்தியாவையும் இலங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் முதலில் கிடைப்பது ஒரு ஜோடி எண். 1979இல் மோரிஸ் டேவிட் மோரிஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார வரலாற்றாசிரியர், தலைவீத வருமானத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நாட்டில் பிறந்த குழந்தை ஒரு வயதைத் தாண்டுகிறதா, தாண்டியபின் எத்தனை வருஷம் வாழும் என்று எதிர்பார்க்கலாம், எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற மூன்றை மட்டும் சேர்த்து ஒரு குறியீட்டெண்ணை அமைத்தார். அதில் நூற்றுக்கு இந்தியா பெற்றது 43. இலங்கை பெற்றது 82. அந்த வருஷங்களில் இரு நாடுகளின் தலைவீத வருமானமும் 200 டாலருக்குக் கீழேதான் இருந்தது. ஏறத்தாழ ஒரே வறுமை. ஆனால் ஒன்றில் குழந்தை பிழைத்தது, மற்றதில் பிழைக்கவில்லை. பின்னால் ஐக்கிய நாடுகள் சபையின் மனித மேம்பாட்டு அட்டவணை 1990 முதல் வரத் தொடங்கியது. அதிலும் இதே வரிசைதான். 2022ஆம் வருஷத்துக்கான அட்டவணையில், திவாலாகிப் போன வருஷத்திலும்கூட, இலங்கை 78ஆம் இடத்திலும் இந்தியா 134ஆம் இடத்திலும் இருந்தன.

இந்த எண்கள் பொய் என்று சொல்வது என் நோக்கமல்ல. அவை உண்மை. ஆனால் இந்த உண்மையை நம்மிடையே இரண்டு விதமாகக் கையாள்கிறார்கள். ஒரு சாரார், சின்னத் தீவு, மழை பெய்கிற மண், வெள்ளைக்காரன் நட்டுவிட்டுப் போன தேயிலை, ஆகவே அதிருஷ்டம் என்று கைகழுவிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் அதை ஒரு முன்மாதிரியாகத் தூக்கிப் பிடித்து, நாமும் அப்படிச் செய்திருக்கலாமே என்று பெருமூச்சு விடுகிறார்கள். இருவருமே ஒரு கேள்வியைத் தவிர்க்கிறார்கள். அந்த 82 யாருடைய வாழ்க்கை? எண்ணப்பட்டவர் யார், எவருடைய உழைப்பில் அந்த எண் உயர்ந்தது, எவர் அதற்கு வெளியே நின்றார்?

இந்தக் கேள்வியைக் கொழும்பிலிருந்தோ டில்லியிலிருந்தோ கேட்டால் விடை வராது. இராமேஸ்வரம் போகிற வழியில், கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபத்திலிருந்து கேட்கவேண்டும். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு, தோட்டத்துக்குப் போகிற கூலிகளை நிறுத்தி வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று கண்டபின் கப்பலேற்றுவதற்கு இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே நடத்திய முகாம் அங்கே இருந்தது. ஐம்பது வருஷம் கழித்து, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டபோது வந்து தங்கியதும் அதே மண்டபம் முகாமில்தான். 1983க்குப் பிறகு அகதிகள் வந்ததும் அங்கேதான். 2022 மார்ச்சில் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் படகேறி தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களைக் கொண்டுபோய் வைத்ததும் அங்கேதான். இரு தேசங்களின் வாழ்க்கைத் தரத்தை நூறு வருஷமாக உடம்பால் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இவர்கள். பொருளாதார நிபுணர்கள் இவர்களிடம் கேட்டதில்லை.

2

முதலில் 82 எப்படி உண்டாயிற்று என்று பார்க்கலாம்.

1934-35இல் இலங்கையில் மலேரியா பரவி ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். நெல் விளைந்த ஈர வலயத்துக் கிராமங்களில், கேகாலை போன்ற இடங்களில், வீடு வீடாகச் சாவு. இதே அளவு சாவு இந்தியாவில் பல தடவை நடந்திருக்கிறது. எவரும் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் இலங்கையில் ஒரு வித்தியாசம் இருந்தது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின்படி அங்கே வயதுவந்த ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டிருந்தது. இந்தியாவில் அது நடைமுறைக்கு வர 1951-52 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாகிறவனுக்கு ஓட்டு இருந்தது என்பது சின்ன விஷயமல்ல. மருந்தும் பருப்பும் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போன இளைஞர்கள் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். மறு வருஷம் அவர்களில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சபையில் உட்கார்ந்திருந்த நிலப்பிரபுக்களும் வக்கீல்களும் தங்கள் தொகுதிக்கு ஆஸ்பத்திரி கேட்டே ஆகவேண்டிய நிலை வந்தது.

1926இலேயே களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியிருந்தது. அது நாடு முழுக்கப் பரவியது. மருத்துவச்சி கிராமத்துக்குள் வந்தாள். 1930களில் லட்சம் பிரசவத்துக்கு 2000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் அது 600க்குக் கீழே இறங்கிவிட்டது. கல்விக்குழுத் தலைவராக இருந்த கன்னங்கரா 1945இல் மழலை வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். 1942இல் யுத்தத்துக்காக வந்த அரிசிப் பங்கீடு யுத்தம் முடிந்தபின்னும் நிற்கவில்லை. 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த மரண விகிதம் ஒரே வருஷத்தில் 14ஆக இறங்கியது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இறந்தவை 141லிருந்து 101ஆகக் குறைந்தன. டி.டி.டி. தெளித்ததால்தான் இது என்று ஒரு கட்சி வெகுநாள் வாதாடியது. மலேரியா அதிகம் இல்லாத மாவட்டங்களிலும் சாவு குறைந்ததே என்று மற்றொரு கட்சி பதில் சொன்னது. மருந்து மட்டுமல்ல, சோறும், மருத்துவச்சியும், எழுத்துத் தெரிந்த தாயும் சேர்ந்து செய்த வேலை அது என்றே எனக்குப் படுகிறது.

அமர்த்தியா சென் 1981இல் இதை வேறொரு பக்கமிருந்து சொன்னார். இலங்கை மற்ற வறிய நாடுகளைப் போல வருமானம் பெருகட்டும் என்று காத்திருந்தால், அது அடைந்துவிட்ட ஆயுளை எட்டுவதற்கு 58 முதல் 152 வருஷங்கள் பிடித்திருக்கும் என்றார். சுர்ஜித் பல்லா இதை மறுத்தார். 1960ஐத் தொடக்கமாக வைத்துப் பார்த்தால் இலங்கையின் முன்னேற்றம் ஒன்றும் அசாதாரணமானதல்ல என்பது அவர் வாதம். ஆனந்தும் கன்பூரும் திருப்பிக் கேட்டார்கள்: வேலை முழுவதும் 1960க்கு முன்பே முடிந்துவிட்டபோது, 1960லிருந்து அளப்பது எப்படி நியாயம்? இந்த விவாதத்தில் கடைசியாகச் சொன்னவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு தேசத்தின் வாழ்க்கைத் தரத்தை எந்த வருஷத்திலிருந்து பார்க்கிறோம் என்பதே பாதித் தீர்ப்பு.

வாக்குரிமையின் பலத்தை 1953இல் எல்லோரும் பார்த்தார்கள். நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையைப் படிக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12ஆம் தேதி ஹர்த்தால். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் மக்கள் இறந்தார்கள், மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் போய்க் கூடவேண்டியதாயிற்று. இரண்டு மாதத்துக்குள் பிரதமர் டட்லி சேனநாயக்க ராஜினாமா செய்தார். அன்றிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் அரிசியில் கைவைக்க எந்த அரசும் யோசித்தது. அரிசியைத் தருவது கருணை அல்ல, பயம். ஜனநாயகத்தில் அந்தப் பயம் ஒரு நல்ல விஷயம்.

3

இப்போது கேள்வி: இந்த அரிசிக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கிருந்து வந்தது?

தேயிலையிலிருந்து. ரப்பரும் தென்னையும் உண்டு; ஆனால் 1950களிலும் 60களிலும் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலைதான். ஏற்றுமதி வரியும் அந்நியச் செலாவணியும்தான் வெளியிலிருந்து அரிசி வாங்கின. அந்தத் தேயிலையைக் கிள்ளியவள் மதுரை, திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் போனவர்களின் மகள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, கொழுந்துக் கூடையோடு மலையேறியவள். அவள் இருந்தது, முதுகோடு முதுகாகச் சேர்த்துக் கட்டிய லயன் வரிசையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில்.

1931இல் அவளுக்கும் ஓரளவு ஓட்டு இருந்தது. நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்கவேண்டும் என்ற நிபந்தனைகளோடு, பல ஆயிரம் தோட்டத் தொழிலாளர்கள் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். 1947 தேர்தலில் மலைநாட்டிலிருந்து ஆறேழு பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. சுதந்திரம் வந்த அதே வருஷம், 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனுடைய பிறப்பை எவன் எழுதி வைத்தான்? 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்து ஓட்டும் போயிற்று. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. அப்போது அவர்கள் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர்.

இதைச் சிங்களப் பேரினவாதம் என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்வது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. அது பேரினவாதம்தான். ஆனால் 1948இல் அதை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் சிறிது காலத்தில் அதே அரசின் மந்திரியானார். அதில் மனம் ஒப்பாமல் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதும் சரித்திரம். கொழும்பில் 'கள்ளத்தோணி' என்றார்கள். யாழ்ப்பாணத்தில் 'தோட்டக்காட்டான்' என்றார்கள். 'துன்பக்கேணி'யை எழுதிய புதுமைப்பித்தனுக்கு 1930களிலேயே தெரிந்திருந்த ஒன்றை, தமிழ் அரசியல் கற்றுக்கொள்ள ரொம்ப நாளாயிற்று.

ஓட்டு போனதும் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமான செய்தி. அரிசி அட்டை அவர்களிடமும் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியும் பள்ளியும் தோட்டத்துக் கம்பிவேலிக்கு வெளியே நின்றுவிட்டன. 1960-61இல் அரசு உதவி பெறும் பள்ளிகளைத் தேசியமயமாக்கியபோது தோட்டப் பள்ளிகளை அரசு தொடவில்லை. பெரும்பாலானவை ஒற்றை வாத்தியார் பள்ளிகளாகவே கிடந்தன. அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான். வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. நிர்வாகம் அதைச் செலவுக் கணக்கில் எழுதியது. 1970களின் தொடக்கத்தில் தோட்டப் பகுதியில் குழந்தை மரண விகிதம் நாட்டுச் சராசரியைப் போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 1973-74இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறி, பங்கீடு குறைந்து, கோதுமை மாவும் கிடைக்காதபோது கிராமத்தான் தன் கொல்லையில் மரவள்ளி போட்டான். லயத்துக்காரனுக்குக் கொல்லை ஏது? தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. மோரிஸ் தன் அட்டவணையைப் போட்ட காலம் கிட்டத்தட்ட இதுதான்.

ஆகவே, வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியது ஓட்டுத்தான் என்ற வாதத்துக்குச் சரியான நிரூபணம் கிராமத்துச் சிங்களவனின் வாழ்க்கை மட்டுமல்ல. அதே தீவில், அதே மழையில், அதே அரசின் கீழ், ஓட்டு மட்டும் பறிக்கப்பட்டவர்களின் வாழ்க்கை நிரூபணத்தின் மறுபாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்குத்தான் இலங்கை என்ற எண் விளங்கும்.

4

1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மீதி ஒன்றரை லட்சம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள் புயலில் தனுஷ்கோடியே இல்லாமல் போயிற்று. கப்பல் பின்னால் இராமேஸ்வரத்துக்கு வந்தது.

ஆனால் விண்ணப்பம் போடச் சொன்னபோது ஒரு வேடிக்கை நடந்தது. இந்தியாவுக்கு ஒதுக்கிய எண்ணிக்கையை நிரப்ப விண்ணப்பங்கள் போதவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு வந்தவையோ ஒதுக்கிய எண்ணிக்கையைப் போல் இருமடங்கு. பொருளாதார நிபுணர்களின் எந்த அட்டவணையையும்விட இது எனக்கு முக்கியமான ஒப்பீடாகத் தோன்றுகிறது. ஒரு நல்ல சராசரியின் அடித்தட்டில் வாழ்ந்தவர்கள், இந்தியாவின் சராசரியை விரும்பவில்லை. லயன் அறையும், பாதிச் சம்பளமும், கள்ளத்தோணி என்ற வசவும் இருந்தும் அவர்கள் அங்கேயே இருக்க விரும்பினார்கள். பிறந்த இடம் என்ற பாசம் உண்டுதான். ஆனால் தாத்தா எதற்காக ஊரை விட்டு வந்தார் என்ற ஞாபகமும் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வந்தவர்களின் வம்சம் அது. பண்ணையாரின் முற்றமும் சேரியும் அவர்களுக்குக் கதையாகவாவது தெரியும். தோட்டத்திலும் சாதி இருந்தது, கங்காணி ஆட்சி இருந்தது. ஆனாலும் பிரட்டுக்களத்தில் எல்லோரும் ஒரே வரிசை.

பிறகு 1974இன் பட்டினியும் 1977இன் கலவரமும் அவர்களில் பலரை மனம் மாற்றின. 1984இல் கப்பல் நின்றபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இங்கே வந்துவிட்டிருந்தார்கள். 1981 கணக்கெடுப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் என்று பதிவானவர்கள் நூற்றுக்கு ஐந்தரைப் பேர்.

ஒரு சராசரியை உயர்த்த இரண்டு வழி உண்டு. கீழே இருக்கிறவனை மேலே தூக்கலாம். அல்லது அவனைக் கப்பலேற்றி அடுத்த நாட்டுச் சராசரியில் சேர்த்துவிடலாம். இலங்கை இரண்டாவதையும் செய்தது. இதைச் சொல்லும்போது நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். இலங்கையின் ஆயுள் உயர்வில் பெரும்பகுதி கப்பல் கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டது. அவர்களை அனுப்பியதால் எண் உயரவில்லை. அவர்களை அனுப்ப முடிந்ததற்குக் காரணம், அவர்கள் எண்ணில் இருந்ததே இல்லை என்பதுதான்.

5

இந்தப் பக்கம் வந்தவர்களின் கதை நமக்குப் பெருமை தருவதல்ல. மண்டபத்தில் சில நாள். ஒரு குடும்ப அட்டை. ஏதோ ஒரு தொழில் தொடங்கச் சில ஆயிரம் ரூபாய் கடன். தேயிலை தவிர வேறு தெரியாதவனிடம் பெட்டிக்கடை வை என்றார்கள். ஒரு பகுதியினருக்கு, 1968இல் தொடங்கி நீலகிரியில் வளர்ந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அவர்கள் மறுபடியும் லயன்களில் குடியேறினார்கள். கடன் கரைந்துபோனவர்கள் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கியது 1980களில் வெளியே வந்தது. அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. ஏற்றுக்கொண்ட தேசத்தின் சராசரியிலும் அவர்கள் ஓர் ஓரத்தில்தான் உட்கார்ந்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்தியாவிலும்தான் 1952 முதல் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. பிறகு ஏன் 43? ஓட்டுத்தான் காரணம் என்றால் இந்தியா எப்படிப் பின்தங்கியது?

ஓட்டு இருப்பதும் ஓட்டைக் கண்டு பயப்படுவதும் ஒன்றல்ல என்பதுதான் பதில். ஜமீன்தாரும் சாதித் தலைவரும் ஊர் ஓட்டை மொத்தமாகக் கட்டி எடுத்துப்போன வட இந்தியக் கிராமங்களில், ஆஸ்பத்திரி கேட்டு எந்த அரசும் கவிழவில்லை. 1946இல் போர் குழு நாடெங்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்களைப் பற்றி விரிவான திட்டம் எழுதிக் கொடுத்தது. அது நெடுங்காலம் பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. ஓட்டைக் கண்டு பயந்த மாநிலங்களின் கதை வேறு. கேரளத்தை எல்லோரும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 1950களில் காமராஜர் பள்ளிகளைத் திறந்து மதிய உணவு போட்டார். 1967இல் 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற கோஷம் ஒரு ஆட்சியை மாற்றியது. மூன்று வருஷம் கழித்து இலங்கைத் தேர்தலில், சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்றார்கள். பாக் நீரிணையின் இரு கரையிலும் அரசியல் மொழி ஒன்றாகத்தான் இருந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்கியபோது, பணத்தை வீணடிக்கிறார் என்று எழுதாத பத்திரிகைக்காரர் குறைவு. இலங்கையில் 1979இல் பங்கீட்டை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தபோது, சிக்கனம் என்று பாராட்டியதும் அதே மனோபாவம்தான். முத்திரையின் மதிப்பு ரூபாயில் நிலையாக நின்றது, விலைவாசி நிற்கவில்லை.

ஓட்டு மீண்டும் வந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடவேண்டும். 1977இல் தொண்டமான் நுவரெலியாவிலிருந்து நாடாளுமன்றம் போனார்; மறு வருஷம் மந்திரியானார். நாடற்ற நிலை சட்டப்படி 1988லும் கடைசியாக 2003லும் நீங்கியது. இந்தக் காலத்தில்தான் தோட்டப் பள்ளிகள் எழுந்து நின்றன. குழந்தை மரணம் நாட்டுச் சராசரியை நோக்கி இறங்கியது. பேரம் பேசும் அரசியல் அது. பல குறைகள் உண்டு. ஆனால் ஓட்டைப் பறித்தபோது நின்றுபோனது, ஓட்டு வந்ததும் நகரத் தொடங்கியது. முழுதும் நகர்ந்துவிடவில்லை. 2016இன் ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுதும் நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. இருநூறு வருஷமாக மலையேறிய கால்களின் பேரக்குழந்தைகள் இன்னும் வளரவில்லை.

6

எண்ணுக்கு வெளியே நிற்கிறவர்கள் மலையகத்தவர் மட்டுமல்ல. யுத்த காலத்தில் எடுத்த சுகாதார ஆய்வுகளில் வடக்கும் கிழக்கின் பகுதிகளும் சேரவில்லை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக நடந்தது. அந்த வருஷங்களிலும் இலங்கையின் மனித மேம்பாட்டு எண் தெற்காசியாவுக்கு முன்மாதிரியாக அச்சாகிக்கொண்டிருந்தது. குண்டு விழுந்த இடத்தில் ஆயுளை அளக்கவில்லை. அளந்த இடத்தில் ஆயுள் நன்றாக இருந்தது. பொய் சொல்லாமலே உண்மையை விட்டுவிடுகிற காரியம் இது.

நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறவர்களில் பல ஆயிரம் பேர் மலையகத்து வம்சம். சாஸ்திரி ஒப்பந்தத்தின்படியே இந்தியக் குடிமக்கள் ஆகியிருக்கவேண்டியவர்களும் அவர்களில் உண்டு. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கையின் பெயரைச் சொல்லவில்லை. 2021இல் அகதி முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினோம். ரேஷன் உண்டு, உதவித்தொகை உண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளியும் உண்டு. ஓட்டு இல்லை. இலங்கைத் தோட்டத்தில் 1950இல் இருந்த ஏற்பாடும் இதுதான்: அரிசி அட்டை உண்டு, ஓட்டு இல்லை.

ஆகவே, எந்த நாட்டில் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் விடையை மறுக்கமாட்டேன். இலங்கையில்தான், பல பத்தாண்டுகளாக இலங்கையில்தான். அது அதிருஷ்டமல்ல, சாகிறவனுக்கு ஓட்டு இருந்ததால் வந்தது என்றும் சொல்வேன். அந்த விடையோடு நிறுத்திக்கொள்ள மட்டும் முடியாது. 1948இல் பெயர் வெட்டப்பட்டவளின் கொழுந்துக் கூடையில்தான் அந்த அரிசி விளைந்தது. 2022 மார்ச்சில் கைக்குழந்தையோடு மணல்திட்டில் இறங்கியவர்களும், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா வேண்டாம் என்று விண்ணப்பம் எழுதியவர்களும், ஒரே கடலைத்தான் இரு பக்கமிருந்தும் பார்த்தார்கள். அடுத்த அட்டவணை வெளியாகும்போது இரு நாடுகளின் இடத்தையும் பார்க்கிற நாம், மண்டபத்தில் இருப்பவர்களை எந்த நாட்டுக் கணக்கில் எழுதியிருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும்.